ஜம்போவை வாடகைக்கு விட்டவர்: தொழில்முனைவோர் அரங்கம் நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களின் விழாக்களில் தொழில்முனைவோர் அரங்கம் நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். நானும் உங்கள் அரங்கங்களுக்கு வருகிற ஆள்தான். கடைசி வரிசையில், காபி மேசைக்குப் பக்கத்தில் உட்காருவேன். தொழிலதிபர் இல்லை, முதலீட்டாளர் இல்லை. விமானச் சரக்கு நிலையத்தில் லோட் பிளானர். எந்தப் பேலட் (சரக்கை அடுக்கிக் கட்டும் பலகை) எந்த இடத்தில் ஏற வேண்டும், எடை முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கொடுப்பவன். பதினெட்டு ஆண்டாக இரவு ஷிப்ட்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் உங்களில் ஒரு குழுவினர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்: "அண்ணே, விமானத் தொழிலில் ஜெயிச்ச குடியேறிகள் பத்தி ஒரு அமர்வு வைக்கிறோம். யாரைப் பத்திப் பேசலாம்?" அட்லஸ் ஏர் என்ற சரக்கு விமான நிறுவனத்தைத் தொடங்கிய மைக்கேல் சவுத்ரி என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் போன் வந்தது. இரண்டு ஆட்சேபங்கள். ஒன்று, ஆள் பாகிஸ்தானில் பிறந்தவர். இரண்டு, சரக்கு விமானம். "கூட்டத்துக்கு போரடிச்சிடும்ணே. ஏர்ஹோஸ்டஸ், பைலட்டுன்னு கலர்ஃபுல்லா இருந்தா நல்லா இருக்கும்." சரி என்று விட்டுவிட்டேன். அந்த அமர்வில் கடைசியில் ஒரு பயணிகள் விமான முதலாளியைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள். சூரியன் மறைகிற படம், அதன் மேல் 'கனவு காண்' என்று எழுத்து. எனக்குப் பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையன் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். இந்த ஆண்டு அரங்கத்தில் சவுத்ரிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அவர் கண்ட கனவைப் பேசுவதற்கு அல்ல, அவர் போட்ட ஒப்பந்தத்தைப் பேசுவதற்கு. அந்த ஒப்பந்தத்தைப் புரிந்துகொண்டால் நம் பிள்ளைகளுக்கு உருப்படியாக ஒரு விஷயம் கிடைக்கும்.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். பாகிஸ்தானில் பிறந்தவர். இளைஞனாக அமெரிக்கா வந்து மினசோட்டாவில் படித்தார். விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, வயல்களுக்கு மருந்தடிக்கும் சின்ன விமானம் ஓட்டினார். அந்த வேலையைப் பார்த்திருக்கிறீர்களா? மினசோட்டாவின் மேற்குப் பக்கம் கோடையில் காரில் போனால் பார்க்கலாம். கண்ணுக்கெட்டிய தூரம் தட்டை நிலம். மஞ்சள் நிறத்தில் ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்று பயிரின் தலையை உரசுகிற மாதிரி வரும், வரப்பு முடிகிற இடத்தில் மின்கம்பிக்கு மேலே செங்குத்தாக எழும், திரும்பி அடுத்த பாத்திக்கு இறங்கும். பறக்கிற நேரத்துக்கும் தெளிக்கிற ஏக்கருக்கும்தான் கூலி. விமானம் தரையில் நின்றால் காசு இல்லை. இந்தக் கணக்கை அவர் அங்கேதான் படித்தார் என்பது என் எண்ணம்.

1984இல் கொலராடோவின் கோல்டன் என்ற ஊரில் ஏரோநாட்டிக்ஸ் லீசிங் என்று ஒரு நிறுவனம் தொடங்கினார். கோல்டன் மலையடிவாரத்துச் சிற்றூர். பீர் ஆலைக்குப் பேர்போனது. பிற்பாடு ஜம்போ எனப்படும் போயிங் 747 விமானங்களை உலகம் முழுக்க ஓட்டிய நிறுவனத்தின் தலைமையகமும் பல ஆண்டுகள் அந்த ஊரில்தான் இருந்தது. அந்த விமானங்கள் இறங்குகிற அளவுக்கு அங்கே ஓடுதளம் கிடையாது. எனக்கு இது ரொம்பப் பிடித்த விவரம். விமானம் இருக்கிற இடத்தில் முதலாளி இருக்க வேண்டியதில்லை, ஒப்பந்தம் கையெழுத்தாகிற மேசை இருந்தால் போதும்.

ஏரோநாட்டிக்ஸ் லீசிங் செய்தது பழைய விமானங்களை வாங்கி, விமான நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடுவது. நம் ஊரில் ஜேசிபி வாங்கி வாடகைக்கு விடுகிறார்களே, அதன் பெரிய அண்ணன். அந்தத் தொழிலில் இருப்பவனுக்கு மற்றவர்களுக்கு முன்னால் ஒரு விஷயம் தெரிந்துவிடும்: விமான நிறுவனம் செத்துப்போகும், விமானம் சாகாது. அமெரிக்காவில் 1978இல் விமானத் தொழில் மீதான அரசுக் கட்டுப்பாடுகள் நீங்கிய பிறகு பெரிய பெரிய பெயர்களெல்லாம் வரிசையாக விழுந்தன. 1991 ஜனவரியில் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் மூடியது. அதே ஆண்டு டிசம்பர் 4ஆம் தேதி பான் ஆம் மூடியது. உலகத்தில் 747ஐ முதன்முதலில் வாங்கிப் பறக்கவிட்ட நிறுவனம் பான் ஆம். வளைகுடாப் போர், எண்ணெய் விலை, பயணிகள் குறைவு எல்லாம் சேர்ந்து அந்தச் சமயம் ஜம்போக்களைப் பாலைவனத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தி, எஞ்சினைத் துணி கட்டி மூடி வைத்திருந்தார்கள். வாங்க ஆள் இல்லை.

ஆசியாவில் அப்போது வேறு கதை. ஹாங்காங், தைபே, சியோல் தொழிற்சாலைகளிலிருந்து கணினிப் பாகங்களும் துணியும் பொம்மைகளும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் விமானத்தில் ஏறிக்கொண்டிருந்தன. பயணிகள் விமானத்தின் வயிற்றில் கிடைக்கிற இடம் போதவில்லை. முழுச் சரக்கு விமானம் வேண்டும். ஆனால் ஒரு நாட்டு விமான நிறுவனம் சொந்தமாக ஜம்போ சரக்கு விமானம் வாங்குவது லேசான முடிவில்லை. விலை, விமானிகள், பராமரிப்பு, உதிரி எஞ்சின், அப்புறம் பிப்ரவரி மாதத்தில் சரக்கே இல்லாமல் நிற்கிற விமானம்.

ஒரு பக்கம் சும்மா நிற்கும் விமானம், இன்னொரு பக்கம் விமானம் இல்லாத சரக்கு. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டதுதான் 1992இல் சவுத்ரி தொடங்கிய அட்லஸ் ஏர். கிரேக்கப் புராணத்தில் வானத்தைத் தோளில் சுமப்பவன் அட்லஸ். நம் ஆதிசேஷனுக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கியது ஒரே ஒரு 747 வைத்து. முதல் வாடிக்கையாளர் தைவானின் சைனா ஏர்லைன்ஸ்.

இனி ஒப்பந்தத்துக்கு வருகிறேன். உங்கள் அரங்கத்தில் நீங்கள் பேச வேண்டியது இந்தப் பகுதியைத்தான்.

எங்கள் தொழிலில் இதை ஏசிஎம்ஐ என்பார்கள். நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து: விமானம், விமானிகள், பராமரிப்பு, காப்பீடு. இந்த நான்கும் அட்லஸ் கொடுக்கும். எரிபொருள், விமான நிலையக் கட்டணம், சரக்கு ஏற்றி இறக்கும் கூலி, சரக்கு பிடிக்கிற பாடு எல்லாம் வாடிக்கையாளர் தலையில். விமானம் பறப்பது வாடிக்கையாளரின் ஃப்ளைட் எண்ணில். பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று வாடகை. இதற்கெல்லாம் மேலே ஒரு வரி இருக்கும்: மாதத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை மணி நேரத்துக்குக் காசு கட்டியே ஆக வேண்டும், ஓட்டினாலும் சரி, ஓட்டாவிட்டாலும் சரி. வாடகை டாலரில்.

நாமக்கல் பக்கம் சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வண்டியும் டிரைவரும் என்னுடையது, டீசலும் டோலும் உன்னுடையது, லோடு நீ பிடித்துக்கொள், மாதம் இத்தனை கிலோமீட்டருக்குக் குறைந்தால் அதற்கும் காசு. ஒரு லாரிக்காரர் இப்படி ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வந்தால் ஊரே அவரைத் திரும்பிப் பார்க்கும். லாரித் தொழிலில் ஆளைக் கொல்வது ரிட்டர்ன் லோடுதான். போகும்போது நிறைய ஏற்றிக்கொண்டு போய்விடலாம், வரும்போது காலி வண்டிக்கும் டீசல் குடிக்கும். விமானச் சரக்கில் இது இன்னும் மோசம். ஷாங்காயிலிருந்து சிகாகோவுக்கு மூச்சு முட்ட நிரம்பி வருகிற விமானம் திரும்பிப் போகும்போது பாதிகூட நிறையாது. மனிதன் போனால் திரும்பி வருவான், பொம்மை திரும்பி வராது. அந்தக் காலி இடத்தின் நஷ்டத்தை யார் சுமப்பது என்பதில்தான் இந்தத் தொழிலின் உயிர் இருக்கிறது. சவுத்ரி அதை எழுத்துப்பூர்வமாக இன்னொருவர் தோளில் ஏற்றினார். அட்லஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு சுமையை அடுத்தவருக்கு மாற்றிவிட்டாரே என்று எனக்கு அடிக்கடி சிரிப்பு வரும்.

விமானத்தை விமானியோடு சேர்த்துக் குத்தகைக்கு விடுவது அவர் கண்டுபிடித்தது இல்லை, பழைய வழக்கம்தான். பெரும்பாலும் அவசரத்துக்கு, ஓரிரு மாதத்துக்கு எடுப்பார்கள். அதையே முழுநேரத் தொழிலாக, ஜம்போ சரக்கு விமானத்தில், ஆண்டுக்கணக்கான ஒப்பந்தமாக, பெரிய அளவில் செய்தது அவர். சைனா ஏர்லைன்ஸுக்குப் பின்னால் கேஎல்எம், லுஃப்தான்சா, பிரிட்டிஷ் ஏர்வேஸ் போன்ற பெயர்கள் வந்தன. 1995இல் பங்குச் சந்தைக்கு வந்தார். 1997இல் போயிங்கிடம் பத்துப் புதிய 747-400 சரக்கு விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார். ஐந்து ஆண்டுக்கு முன் ஒற்றைப் பழைய விமானத்தோடு தொடங்கியவர். 2000வாக்கில் முப்பதுக்கு மேற்பட்ட ஜம்போக்கள்.

பழைய விமானம் என்று லேசாகச் சொல்லிவிட்டேன், அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பயணிகள் ஜம்போவைச் சரக்கு விமானமாக மாற்றுவது என்றால் இருக்கைகளைப் பிடுங்கிப் போடுவது மட்டும் இல்லை. சன்னல்களை அடைப்பார்கள். தரையைப் பலப்படுத்துவார்கள். இடது பக்கம், இறக்கைக்குப் பின்னால், உடம்பையே வெட்டிப் பெரிய கதவு வைப்பார்கள். தொழிற்சாலையிலேயே சரக்குக்கென்று பிறந்த 747க்கு மூக்கு மேலே தூக்கும்; மாற்றப்பட்ட விமானத்துக்கு மூக்கு தூக்காது, பக்கவாட்டுக் கதவு மட்டும்தான். மூக்கு தூக்குவதற்கும் ஒரு கதை உண்டு. 1960களில் 747ஐ வரைந்தபோது, இன்னும் கொஞ்ச காலத்தில் ஒலியைவிட வேகமான விமானங்கள் வந்து பயணிகளையெல்லாம் கொண்டுபோய்விடும், இந்தப் பெரிய விமானம் சரக்குக்குத்தான் உதவும் என்று நினைத்தார்கள். அதனால் விமானி அறையை மாடியில் வைத்தார்கள், மூக்கைத் திறந்து நேராக ஏற்றலாம் என்று. அந்தத் திமில் வந்தது அப்படித்தான். நீங்கள் சென்னைக்கோ மும்பைக்கோ போகும்போது படியேறி மேல்மாடியில் உட்கார்ந்து படம் எடுத்துப் போட்டீர்களே, அந்த இடம் சரக்குக்காக உண்டான இடம்.

ஓர் இரவு எங்கள் நிலையத்துக்கு வந்து பாருங்கள் என்று உங்களைக் கூப்பிட ஆசைதான், பாதுகாப்பு அனுமதி கிடைக்காது. அதனால் இங்கேயே சொல்கிறேன். ஜனவரி, அதிகாலை மூன்று மணி. தரையில் பனி உறைந்து கண்ணாடி மாதிரி இருக்கும். விமானம் வந்து நின்றதும் முதல் வேலை வாலுக்கு அடியில் ஒரு இரும்பு முட்டு வைப்பது. முன்பக்கத்துச் சரக்கை முதலில் இறக்கிவிட்டால் பின்பக்கம் கனத்து, விமானம் குந்திவிடும், மூக்கு வானத்தைப் பார்க்கும். அப்படி நடந்த படங்கள் இணையத்தில் கிடைக்கும், தேடிப் பாருங்கள். உள்ளே போனால் தரை முழுக்க உருளைகள். ஐந்து டன் பேலட்டை இரண்டு பேர் தோளால் தள்ளுவார்கள், அது தண்ணீரில் தோணி மாதிரி நகரும். ஒவ்வொரு பேலட்டுக்கும் மேலே வலை, வலையின் கொக்கி ஓரத்துச் சட்டத்தில் மாட்டியிருக்கும். கொக்கி ஒன்று விட்டிருந்தாலும், ஏற்றுவதை மேற்பார்க்கும் லோட்மாஸ்டர் ஏற்ற விடமாட்டார். தென் அமெரிக்கப் பூ வந்த நாளில் உள்ளே கல்யாண மண்டப வாசனை. குதிரை வந்த நாளில் வேறு வாசனை. விலை உயர்ந்த பந்தயக் குதிரைக்குக் கூடவே ஒரு பராமரிப்பாளரும் பறப்பார். எங்கள் லோட்மாஸ்டர் ஒருவர் சொல்வார்: "குதிரைக்குத்தான் சீட்டு, அந்த ஆள் சும்மா கூட வர்றவன்."

இவ்வளவு வேலை நடக்கிற இடத்தில் விமானத்தின் வாலில் இருக்கிற பெயரை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. உங்கள் போன், மருந்து, ஊரிலிருந்து வருகிற மாம்பழம், எதற்கும் விமான நிறுவனத்தின் பெயர் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. சவுத்ரியின் பெயர் உங்களுக்குத் தெரியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். வாடிக்கையாளர் எண்ணில் பறந்து, வாடிக்கையாளர் சரக்கைச் சுமந்து போகிற தொழிலில் பெயர் வெளியே வராது. பெயர் வராததுதான் அந்தத் தொழில்.

சரி, இப்போது கசப்பான பக்கம். வெற்றிக் கதை சொல்லும்போது இதை விழுங்கிவிடுவது நம் வழக்கம், அதனால் இங்கே எழுதியே ஆக வேண்டும். விமானிகள் விஷயத்தில் சவுத்ரி பெருந்தன்மையானவர் இல்லை. 1990களின் கடைசியில் அட்லஸ் விமானிகள் சங்கம் சேர முயன்றார்கள். சங்கம் வந்தால் லாபத்தில் பங்கு கிடையாது என்று நிர்வாகம் சொன்னது. சங்கம் வந்ததும் சொன்னபடி நிறுத்தியது. விஷயம் நீதிமன்றம் போனது. 2000இல் வாஷிங்டன் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றம் விமானிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நஷ்டத்தை வாடிக்கையாளர் தோளுக்கு மாற்றத் தெரிந்தவர், லாபத்தைத் தன் ஆட்களோடு பங்குவைக்கும் இடத்தில் கையை இறுக்கிக்கொண்டார். நான் சம்பளக்காரன், இந்தப் பக்கம்தான் எனக்கு முதலில் கண்ணில் படும். உங்கள் அரங்கத்தில் முதலாளிகள் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கும் படட்டும்.

2001 ஜனவரி 24, புதன்கிழமை. டென்வருக்குக் கிழக்கே ஃப்ரண்ட் ரேஞ்ச் என்ற சின்ன விமான நிலையம். சவுத்ரியிடம் செக்கோஸ்லோவாக்கியாவில் செய்த எல்-39 பயிற்சி ஜெட் ஒன்று இருந்தது. ராணுவ விமானிகள் பழகுகிற ரகம், முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. அவரைப் பற்றி எழுத வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் விமானத்துறைச் செய்தியாளர் வந்திருந்தார். அவரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு சவுத்ரி கிளம்பினார். மேலே ஏறிய சற்று நேரத்தில் விமானம் வயல்வெளியில் விழுந்தது. இருவரும் இறந்தார்கள். சவுத்ரிக்கு 46 வயது.

காலி இடத்தின் ஆபத்தைக்கூடத் தன்மேல் விழாமல் ஒப்பந்தம் எழுதியவர் அந்த மனிதர். ஓய்வு நேரத்தில் தேடிப் போன ஆபத்து இது. இதற்கு மேல் இதில் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. மருந்தடிக்கிற விமானத்தில் தொடங்கிய கை அது, பறக்காமல் இருக்க முடிந்திருக்காது என்று மட்டும் தோன்றுகிறது.

அவர் இறந்த அதே ஆண்டு அட்லஸின் தலைமை நிறுவனம் போலார் ஏர் கார்கோவை வாங்கியது. போலார் வேறு ரகம். சொந்த எண்ணில், சொந்தக் கால அட்டவணையில் பறந்து, சரக்கைத் தானே பிடிக்கிற நிறுவனம். காலி இடத்தின் நஷ்டம் அதன் சொந்த நஷ்டம். சவுத்ரி வெளியே தள்ளிவைத்திருந்த சுமையை நிறுவனம் தானே போய்த் தோளில் ஏற்றிக்கொண்டது. உலகப் பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த ஆண்டு அது, செப்டம்பர் 11ம் அந்த ஆண்டில்தான். இன்னொரு பக்கம், சவுத்ரி காலத்தில் வாங்கிய புதிய விமானங்களின் கடன். ஒப்பந்தம் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அதற்கும் ஒரு முடிவு தேதி உண்டு; தேதி முடிந்ததும் வாடிக்கையாளர் விமானத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார், வங்கி திருப்பி வாங்கிக்கொள்ளாது. குறைந்தபட்ச மணி நேரம் என்ற வரியை மட்டும் பார்த்து மயங்குகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். 2004 ஜனவரியில் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. ஜூலையில் கடனைச் சீரமைத்துக்கொண்டு வெளியே வந்தது.

வெளியே வந்தபின் பழைய வழிக்கே திரும்பியது. 2007இல் போலாரின் 49 சதவீதத்தை கூரியர் நிறுவனமான டிஎச்எல் வாங்கிக்கொண்டது. அதாவது சரக்கு வைத்திருக்கிறவரே நஷ்டத்திலும் பங்காளியாக வந்தார். போயிங் தன் 787இன் இறக்கைகளையும் உடல் பாகங்களையும் ஏற்றிப் பறக்க வைத்திருக்கும் வீங்கிய வயிற்று ஜம்போக்களை ஓட்டும் வேலை அட்லஸுக்கு வந்தது. 2016இல் அமேசான் தன் பொட்டலங்களைச் சுமக்க ஒப்பந்தம் போட்டது. எல்லாமே அந்த 1992 காகிதத்தின் பேரன் பேத்திகள். நடுவில் 2019 பிப்ரவரியில் ஹூஸ்டனை நெருங்கிக்கொண்டிருந்த அட்லஸின் 767 ஒன்று டிரினிட்டி விரிகுடாவில் விழுந்து உள்ளே இருந்த மூவரும் இறந்ததையும் நான் மறைக்கப்போவதில்லை. அன்று இரவு எங்கள் நிலையத்தில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

2023 ஜனவரி 31. உலகத்தில் கடைசியாகச் செய்யப்பட்ட 747, வரிசையில் 1574ஆவது, போயிங்கின் எவரெட் தொழிற்சாலையில் கைமாறியது. வாங்கிக்கொண்டது அட்லஸ் ஏர். முதல் 747 பான் ஆமுக்கு, கடைசி 747 மருந்தடிக்கும் விமானம் ஓட்டிய ஒரு குடியேறி தொடங்கிய நிறுவனத்துக்கு. மறுநாள் அது கிளம்பிப் போகும்போது வாஷிங்டன் மாநிலத்து வானத்தில் வளைந்து வளைந்து பறந்து, ரேடார் தடத்தில் 747 என்ற எண்ணையும் ஒரு கிரீடத்தையும் வரைந்துவிட்டுப் போனது.

அந்த விமானம் பிறகு ஒரு நாள் எங்கள் நிலையத்துக்கும் வந்தது. மூக்குக்குப் பக்கத்தில், 747இன் தலைமைப் பொறியாளராக இருந்த ஜோ சட்டரின் படம் ஒட்டியிருந்தது. நல்ல விஷயம், அவருக்கு அந்த மரியாதை வேண்டியதுதான். நான் சுற்றி வந்து பார்த்தேன். சவுத்ரியின் பெயர் என் கண்ணில் எங்கேயும் படவில்லை. அதற்குள் ரேடியோவில் கூப்பிட்டுவிட்டார்கள். பதினேழாவது பேலட்டின் எடைச் சீட்டு காணோமாம்.

உங்கள் முதல் ஆட்சேபத்துக்கு இப்போது பதில் சொல்கிறேன். பாகிஸ்தான்காரர் என்கிறீர்கள். இந்த நாட்டுக் குடிவரவு வரிசையில் நிற்கும்போது அவரும் நாமும் ஒரே வரிசை. பெயரை உச்சரிக்கத் தெரியாமல் தடுமாறுகிற வங்கி மேலாளரின் எதிரில் உட்கார்ந்து கடன் கேட்ட நாற்காலியும் ஒன்றுதான். உங்கள் அரங்கத்துக்கு வருகிற பாதிப் பேர் டிரக்கிங், பெட்ரோல் பங்க், மோட்டல், ஐடி கான்ட்ராக்டிங் என்று இருக்கிறவர்கள். ஐடி ஆட்களை மணி நேரக் கணக்கில் வாடகைக்கு அனுப்புகிற நம்மவர்களுக்கு சவுத்ரியைவிடப் பொருத்தமான பாடம் வேறு எங்கே கிடைக்கும்? புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு யார் சம்பளம் கொடுப்பது என்ற கேள்விதானே அவர்களுக்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம், போரடிக்கும் என்பது. போரடிக்காமல் நடத்த எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. ஒரே ஒரு பக்கம் அச்சடித்து எல்லோர் கையிலும் கொடுங்கள். இடது பக்கம் விமானம், விமானி, பராமரிப்பு, காப்பீடு; வலது பக்கம் எரிபொருள், கட்டணம், ஏற்று இறக்குக் கூலி, காலி இடம். நடுவில் ஒரு கோடு. "உங்கள் தொழிலில் இந்தக் கோடு எங்கே விழுகிறது? யார் அதைப் போட்டார்கள்?" என்று கேட்டுவிட்டுப் பத்து நிமிடம் சும்மா இருங்கள். மோட்டல் வைத்திருப்பவரும் டிரக் வைத்திருப்பவரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். போனில் கிரிக்கெட் பார்க்கிற பையனிடமும் ஒரு காகிதம் கொடுங்கள், படிப்புக் கடனில் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று அவனும் யோசிக்கட்டும். அப்புறம் விமானிகள் வழக்கை எடுத்து வையுங்கள், அதில் கட்டாயம் சண்டை வரும். வரட்டும்.

சூரியன் மறைகிற படம் எதுவும் தேவைப்படாது. பேச ஆள் கிடைக்காவிட்டால் நான் வருகிறேன். மேடை வேண்டாம், காபி மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு மேசை போட்டுக் கொடுத்தால் போதும். ஒரு பழைய பேலட் வலையும் நான்கு கொக்கிகளும் கொண்டு வருவேன், குழந்தைகள் மாட்டிப் பார்க்கலாம். சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பிறகு என்றால் எனக்கு வசதி. இரவு ஷிப்ட் முடித்து வந்து கொஞ்ச நேரம் தூங்க வேண்டும்.

அன்புடன்,
கடைசி வரிசையில் உட்காரும் ஒரு லோட் பிளானர்